உரிமம் பறிபோன பதினோரு மாதங்கள்: அட்லாண்டிக் சிட்டி டிராபிகானா குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் தலைமையகம் கொண்ட கொலம்பியா சசெக்ஸ் என்ற விடுதி நிறுவனம், ஆஸ்டார் என்ற காசினோ நிறுவனத்தை 2006-ல் நடந்த கடும் ஏலப் போட்டியில் வென்று, 2007 ஜனவரி 3 அன்று கையகப்படுத்தியது. அதே ஆண்டு டிசம்பர் 12 அன்று, ஆஸ்டாரின் மிகப் பெரிய சொத்தான அட்லாண்டிக் சிட்டி டிராபிகானாவை நடத்தும் உரிமத்தை நியூ ஜெர்சி மாநிலக் காசினோ கட்டுப்பாட்டு ஆணையம் அந்நிறுவனத்துக்கு மறுத்தது. அடுத்த ஐந்து மாதங்களுக்குள் நிறுவனத்தின் காசினோப் பிரிவு திவால் நீதிமன்றத்தில் நின்றது. அந்தப் பதினோரு மாதங்களில் எடுக்கப்பட்ட முடிவுகளையும் அவற்றுக்குப் பின்னிருந்த காரணங்களையும் இவ்வாய்வு வரிசைப்படுத்துகிறது. நிறுவனங்களின் பெயர்கள் பொதுப் பதிவில் உள்ளவை என்பதால் அப்படியே தரப்படுகின்றன. தனிநபர்கள் அவர்கள் வகித்த பொறுப்பால் மட்டுமே குறிக்கப்படுகிறார்கள்.

பின்னணி

ஆஸ்டாரின் வேர் ஒரு விடுதிச் சங்கிலியில் இருக்கிறது. சாலையோர விடுதிகளால் பெயர் பெற்ற ரமடா நிறுவனம் 1979-ல் லாஸ் வேகாஸ் டிராபிகானாவை வாங்கியதன் மூலம் சூதாட்டத் தொழிலில் இறங்கியது. 1981 நவம்பரில் அட்லாண்டிக் சிட்டி கடற்கரை நடைபாதையை ஒட்டி இன்னொரு டிராபிகானாவைத் திறந்தது. 1989-ல் ரமடாவின் விடுதிகள் விற்கப்பட்டு, காசினோக்கள் மட்டும் ஆஸ்டார் என்ற தனி நிறுவனமாயின. 1995-ல் இண்டியானாவின் எவன்ஸ்வில்லிலும் மிசூரியின் கருதர்ஸ்வில்லிலும் ஆற்றுப் படகுக் காசினோக்கள் சேர்ந்தன. நெவாடாவின் லாஃப்லினில் இருந்த ஒன்றையும் சேர்த்தால் மொத்தம் ஐந்து சொத்துகள். பெரிய நிறுவனம் என்று சொல்ல முடியாது. ஆனால், ஒவ்வொரு இடத்திலும் உரிமம் தடையின்றிப் புதுப்பிக்கப்பட்டு வந்த, ஒழுங்குமுறை அதிகாரிகளுக்குப் பழகிய நிறுவனம்.

அதன் வருவாயின் மையம் அட்லாண்டிக் சிட்டி. அங்கே கடைத்தெருவும் உணவகங்களும் 502 புதிய அறைகளும் கொண்ட பெரும் விரிவாக்கம் 2004 இறுதியில் திறக்கப்பட்டது. அதன் கட்டுமானத்தின்போது, 2003 அக்டோபர் 30 அன்று, வாகன நிறுத்தக் கட்டடம் இடிந்து நான்கு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்தத் துயரத்தையும் தாங்கி, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அறைகளுடன் மாநிலத்தின் மிகப் பெரிய விடுதியாக டிராபிகானா எழுந்தது. நெடுநாள் பணியாற்றிய ஊழியர்களும் வழக்கமாக வந்துபோகும் ஆட்டக்காரர்களும் அதற்கு இருந்தார்கள்.

இந்நிகழ்வைப் புரிந்துகொள்ள, நியூ ஜெர்சிச் சட்டத்தின் தன்மையைச் சிறிது விரிவாகப் பார்க்க வேண்டும். 1976-ல் வாக்காளர்கள் அட்லாண்டிக் சிட்டியில் மட்டும் சூதாட்டத்துக்கு இசைவு அளித்தபோது, நலிந்து கிடந்த ஒரு கடற்கரை நகரை மீட்டெடுப்பதும் குற்றக் கும்பல்களைத் தொழிலுக்கு வெளியே நிறுத்துவதும் என்ற இரட்டை நோக்கம் இருந்தது. மறு ஆண்டு வந்த சட்டம் இரண்டு அமைப்புகளை உருவாக்கியது: விசாரித்து அறிக்கை தருவது ஒன்று, தீர்ப்பளிப்பது மற்றொன்று. உரிமம் கேட்பவர் தகுதியற்றவர் என்று அரசு நிரூபிக்க வேண்டியதில்லை. தாம் தகுதியானவர் என்று விண்ணப்பதாரரே தெளிவான, நம்பத்தக்க சான்றுகளால் நிறுவ வேண்டும். பணபலமும் குற்றப் பின்னணி இல்லாமையும் மட்டும் போதாது. நேர்மை, வணிகத் திறன் ஆகியவையும் எடைபோடப்படும்.

இது வெறும் ஏட்டுச் சட்டமும் அன்று. 1985-ல் உலகப் புகழ்பெற்ற ஹில்டன் நிறுவனம், கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த தன் காசினோ விடுதிக்கு உரிமம் மறுக்கப்பட்டு, அதை வேறொருவருக்கு விற்றுவிட்டு வெளியேறியது. விடுதித் தொழிலில் இருந்து அட்லாண்டிக் சிட்டிக்கு வர நினைக்கும் எவரும் முதலில் படிக்க வேண்டிய பாடம் அது.

2006: ஏலம்

2006 மார்ச்சில் பினாக்கிள் என்ற காசினோ நிறுவனம், பங்கு ஒன்றுக்கு 38 டாலர் தந்து ஆஸ்டாரை வாங்க ஒப்பந்தம் செய்தது. அத்துடன் முடிந்திருக்க வேண்டிய விஷயம், அமெரிஸ்டார், காலனி கேப்பிடல், கொலம்பியா சசெக்ஸ் ஆகியவை அடுத்தடுத்துப் போட்டிக்கு வந்ததால் இரண்டு மாத ஏலமாக நீண்டது. பினாக்கிள் 51 டாலர் வரை ஏறிப் பார்த்தது. கொலம்பியா சசெக்ஸ் 54 டாலரில் முடித்தது. முதல் விலையைவிட 42 சதவீதம் அதிகம். கடன்களையும் சேர்த்து மொத்த மதிப்பு சுமார் 275 கோடி டாலர். முந்தைய ஒப்பந்தத்தை முறித்ததற்காகப் பினாக்கிளுக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்கப்பட்டது. (அந்நிறுவனம் அதே ஆண்டில் அட்லாண்டிக் சிட்டியின் சாண்ட்ஸ் காசினோவை வாங்கி, மறு ஆண்டு வெடிவைத்துத் தகர்த்தது. அந்த மனையில் அது கட்ட நினைத்த காசினோ கடைசிவரை எழவில்லை. ஏலத்தில் தோற்றவருக்கும் காலம் கைகொடுக்கவில்லை.)

ஏன் இத்தனை விலை? அக்காலத்தில் கடன் மலிவாகக் கிடைத்தது. லாஸ் வேகாஸ் டிராபிகானா நின்ற நிலம், நகரின் மிகப் பரபரப்பான சாலைச் சந்திப்பில் இருந்தது. அதை இடித்துப் பல்லாயிரம் அறைகளுடன் புதிதாகக் கட்டினால் போட்ட பணம் திரும்பிவிடும் என்று ஏலத்தில் இருந்த எல்லோருமே கணக்குப் போட்டார்கள். கொலம்பியா சசெக்ஸுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. மேரியட், ஹில்டன் போன்ற புகழ்பெற்ற பெயர்களின்கீழ் விடுதிகளை வாங்கி, குறைந்த ஆட்களைக் கொண்டு சிக்கனமாக நடத்தி லாபம் காண்பது அதன் நெடுநாள் வழக்கம். சிறிய காசினோக்கள் சிலவற்றை ஏற்கெனவே அவ்வாறே நடத்திவந்தது. ஆஸ்டாரிலும் அதே கத்தரியைப் பயன்படுத்தலாம் என்ற நம்பிக்கை 54 டாலர் என்ற எண்ணுக்குள் அடங்கியிருந்தது.

கடனின் அளவைப் பார்த்தால் அந்த நம்பிக்கை எத்தனை அவசியமாக இருந்தது என்பது விளங்கும். வங்கிக் கடன் வசதி 153 கோடி டாலர். லாஸ் வேகாஸ் சொத்தின் மீது தனியாக 44 கோடி. அவற்றின்மேல் 96 கோடி டாலருக்குக் கடன் பத்திரங்கள், 9.625 சதவீத வட்டிக்கு. பத்திரங்களுக்கு மட்டும் ஆண்டு வட்டி 9 கோடியே 24 லட்சம் டாலர். விலை ஏறிய ஒவ்வொரு டாலரும் வட்டியாக மாறி, அந்த வட்டி செலவுக் குறைப்பை முன்கூட்டியே கட்டாயமாக்கிவிட்டது. ஆட்குறைப்பு முடிவு 2007-ல் எடுக்கப்பட்டதாகப் பதிவுகள் சொல்லும். என் கணிப்பில், அது 2006 மே மாதத்து ஏலத்திலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டு மாதங்களுக்குள் அட்லாண்டிக் சிட்டி ஒரு எச்சரிக்கையைத் தந்தது. 2006 ஜூலையில் மாநில வரவு செலவுத் திட்டம் உரிய நாளில் நிறைவேறாததால் அரசு அலுவலகங்கள் மூடப்பட்டன. காசினோக்களில் பணியிலிருந்த அரசு ஆய்வாளர்களும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அரசின் கண் இல்லாமல் காசினோ இயங்கக் கூடாது என்பது அன்றைய சட்டம். ஆகவே பன்னிரண்டு காசினோக்களும் மூன்று நாட்கள் கதவடைத்தன. வாடிக்கையாளர் இருந்தார், ஊழியர் இருந்தார், பணம் இருந்தது. ஆய்வாளர் இல்லாததால் தொழில் நின்றது. கட்டடமும் இயந்திரங்களும் தம்முடையவை என்றாலும் தொழில் நடத்தும் உரிமை அரசு நாள்தோறும் தரும் இசைவு என்பதை இதைவிடத் தெளிவாக எவரும் காட்டியிருக்க முடியாது.

இடைக்கால அனுமதி

உரிமம் உள்ள காசினோவை வாங்குபவரைப் பற்றிய முழு விசாரணைக்கு மாதக்கணக்காகும். அதுவரை தொழில் நிற்கக் கூடாது என்பதற்காக, நியூ ஜெர்சியில் இடைக்கால அனுமதி என்ற ஏற்பாடு உண்டு. வாங்குபவர் உடனே நிர்வாகத்தை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு அறங்காவலர் முன்கூட்டியே நியமிக்கப்பட்டு, அறக்கட்டளை ஒப்பந்தம் ஆயத்தமாக வைக்கப்படும். விசாரணை முடிவில் தகுதி மறுக்கப்பட்டால், உரிமை முழுவதும் அறங்காவலர் கைக்குப் போகும். அவர் சொத்தை விற்பார். விலை ஏறியிருந்தாலும் மறுக்கப்பட்டவர் தாம் போட்ட பணத்துக்கு மேல் லாபம் பார்க்க முடியாது. இறங்கியிருந்தால் இழப்பு முழுவதும் அவருடையது.

2006 இறுதியில் கொலம்பியா சசெக்ஸ் இந்த அனுமதியைப் பெற்றது. அறங்காவலராக மாநில உச்ச நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நியமிக்கப்பட்டார். ஆக, 2007-ம் ஆண்டு முழுவதும் அந்நிறுவனம் சோதனைக் காலத்தில் இருந்தது. அந்த ஆண்டில் அது எடுத்த ஒவ்வொரு முடிவும் உரிம விசாரணையில் சான்றாக வரக்கூடியது.

2007: ஆட்குறைப்பு

புதிய நிர்வாகம் டிராபிகானாவில் சுமார் 900 பணியிடங்களைக் குறைத்தது. ஹவுஸ்கீப்பிங், உணவகம், வரவேற்பு, பாதுகாப்பு என எல்லாப் பிரிவுகளிலும் வெட்டு விழுந்தது. முந்தைய நிர்வாகம் தேவைக்கு மேல் ஆள் வைத்திருந்தது என்பதும், சந்தை சரிவதால் செலவைக் குறைக்காமல் இருக்க முடியாது என்பதும் நிறுவனத்தின் நிலைப்பாடு.

இரண்டாவது வாதத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் 2006 நவம்பரில் ஸ்லாட் எனப்படும் சூதாட்ட இயந்திரங்களைக் கொண்ட கூடங்கள் திறக்கத் தொடங்கின. நியூ ஜெர்சியிலேயே 2007 ஏப்ரலில் காசினோத் தளத்தின் பெரும்பகுதியில் புகைபிடிக்கத் தடை வந்தது. அட்லாண்டிக் சிட்டிக் காசினோக்களின் மொத்தச் சூதாட்ட வருவாய் 2006-ல் 522 கோடி டாலராக உச்சம் தொட்டு, 2007-ல் 492 கோடியாகக் குறைந்தது. சூதாட்டம் அனுமதிக்கப்பட்ட காலம் முதல் அந்நகரம் கண்ட முதல் ஆண்டுச் சரிவு அது.

எனினும், அந்தச் சரிவே ஆட்குறைப்புக்கு எதிரான வாதமாகவும் அமைகிறது. ஃபிலடெல்ஃபியாவிலிருந்து பேருந்தில் வந்து ஸ்லாட் ஆடிவிட்டு மாலையில் திரும்பும் ஓய்வூதியருக்கு இப்போது வீட்டருகிலேயே ஒரு கூடம் கிடைத்துவிட்டது. அவரைக் கடற்கரை வரை வரவழைக்க, அங்கே கிடைக்காத ஒன்றை இங்கே தர வேண்டும்: நல்ல அறை, நல்ல சாப்பாடு, பெயர் சொல்லி அழைக்கும் ஊழியர். அந்தப் போட்டி தொடங்கிய அதே மாதங்களில்தான் அறைகளின் சுத்தம் பற்றியும் வரவேற்பு மேசையில் நீளும் வரிசை பற்றியும் புகார்கள் குவிந்தன. விடுதித் தொழிலாளர் சங்கம் அவற்றைத் திரட்டி வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, உரிமம் வழங்கக் கூடாது என்று வெளிப்படையாகவே பிரசாரம் செய்தது. சங்கத்துக்கு இதில் தன்னலம் உண்டு என்பது உண்மை. ஆனால், கசங்கிய படுக்கை விரிப்பைப் பார்த்த விருந்தினருக்கு அப்படி எந்த நலனும் இல்லை.

கொலம்பியா சசெக்ஸ் நன்கறிந்த சாதாரண விடுதித் தொழிலில், விருந்தினரை அழைத்து வருவது வாசலில் தொங்கும் பெயர்ப்பலகை. ஒரு இரவு தங்கியவர் மறுநாள் கணக்கைத் தீர்த்துவிட்டுப் போவார். காசினோ விடுதியில் நல்ல ஆட்டக்காரருக்கு அறை பெரும்பாலும் இலவசம். அவர் மாதந்தோறும் வந்து மேசையில் விட்டுச் செல்லும் பணத்தில்தான் அறையின் செலவும் லாபமும் இருக்கின்றன. எனவே ஒரு அறை அசுத்தமாக இருந்தால் இழப்பது ஒரு இரவின் வாடகையை மட்டுமன்று. அந்த ஆட்டக்காரரின் அடுத்த சில ஆண்டுகளை. ஊதியப் பட்டியலில் கிடைத்த சேமிப்பு அதே மாதத்தில் கணக்கில் தெரியும். ஆட்டக்காரர் வராமல் போனது அடுத்த ஆண்டுதான் தெரியும்.

கண்காணிப்பு அறையும் தணிக்கைக் குழுவும்

ஆணையத்தின் பார்வையில் அறை சுத்தத்தைவிடக் கண்காணிப்பில் இருந்த குறையே பாரதூரமானது.

காசினோவின் மாடியில் ஒரு கண்காணிப்பு அறை இருக்கும். தளத்தின் கூரையில் பொருத்திய கேமராக்கள் ஒவ்வொரு மேசையையும், பணப்பெட்டிகள் மாற்றப்படுவதையும், எண்ணும் அறையில் நோட்டுகள் எண்ணப்படுவதையும் அங்கே காட்டும். அங்கே அமர்ந்திருப்பவர் பார்ப்பது ஏமாற்றும் ஆட்டக்காரரை மட்டுமன்று. மேசையில் ஆட்டத்தை நடத்தும் டீலரையும், மேற்பார்வையாளரையும், தேவைப்பட்டால் காசினோவின் தலைமை நிர்வாகியையும்தான். தாம் யாரைக் கண்காணிக்கிறாரோ அவருக்கே அவர் கீழ்ப்பட்டிருந்தால் அந்தக் கண் பயனற்றது. ஆகவே கண்காணிப்புப் பிரிவின் தலைவரும் உள்தணிக்கைப் பிரிவின் தலைவரும் நிர்வாகத்தைச் சாராத தணிக்கைக் குழுவுக்கே அறிக்கை தர வேண்டும் என்று நியூ ஜெர்சி வகுத்திருந்தது.

அந்தச் சுதந்திரமான தணிக்கைக் குழுவைப் புதிய உரிமையாளர் உரிய காலத்தில் அமைக்கவில்லை. மாதங்கள் கடந்தன. பங்குச் சந்தையில் இருந்த ஆஸ்டாரில் வெளியார் இயக்குநர்கள் இருந்தார்கள். தனியார் உடைமையான கொலம்பியா சசெக்ஸின் அதிகாரம் ஒரு குடும்பத்தின் கையில் குவிந்திருந்தது, முடிவுகள் ஒரே மேசையில் எடுக்கப்பட்டன. அப்படி இயங்கிப் பழகிய நிறுவனத்துக்கு, தன்னைத் தட்டிக்கேட்க வெளியார் சிலரைத் தானே நியமித்துக்கொள்வது வெறும் காகித வேலையாகத் தோன்றியிருக்கக்கூடும். 900 பேரை நீக்குவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் ஒரு குழுவை அமைக்கும் செலவு ஒன்றுமேயில்லை. முடிவு செய்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும் வேலை அது. இந்நிகழ்வில் எனக்கு இன்றுவரை விளங்காத பகுதியும் அதுவே.

விசாரணையும் டிசம்பர் முடிவும்

2007 இறுதியில் பொது விசாரணை நடந்தது. நிறுவனத்தின் நிதிவலுவோ உரிமையாளரின் குற்றப் பின்னணியோ அங்கே மையக் கேள்விகளாக இல்லை. தணிக்கைக் குழு ஏன் இல்லை, ஆட்குறைப்பு எத்தகைய ஆய்வின் அடிப்படையில் செய்யப்பட்டது, ஒழுங்குமுறை அமைப்புகளோடு நிறுவனம் எவ்வளவு வெளிப்படையாக நடந்துகொண்டது என்பவையே கேட்கப்பட்டன. டிசம்பர் 12 அன்று, வணிகத் திறன், நேர்மை ஆகிய தகுதிகளைத் தேவையான சான்றுகளோடு நிறுவ நிறுவனம் தவறிவிட்டது என்று முடிவாயிற்று. டிராபிகானாவின் கதவு ஒரு மணி நேரம்கூட மூடப்படவில்லை. உரிமை அறங்காவலரிடம் போனது; அவரே பின்னர் காப்பு நிர்வாகியாகவும் நியமிக்கப்பட்டார். மேல்முறையீட்டிலும் ஆணையத்தின் முடிவு நிலைத்தது.

பின்விளைவுகள்

கடன் ஒப்பந்தங்கள் டிராபிகானாவின் வருவாயை நம்பி எழுதப்பட்டவை. அச்சொத்தின் மீதான கட்டுப்பாட்டை இழந்ததே ஒப்பந்த மீறல் என்று கடன் பத்திரதாரர்கள் டெலவேர் நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். 2008 மே 5 அன்று டிராபிகானா என்டர்டெயின்மென்ட் என்ற பெயரிலான காசினோப் பிரிவு திவால் பாதுகாப்புக் கோரியது. இண்டியானாவிலும் ஒழுங்குமுறையினர் எவன்ஸ்வில் காசினோவைத் தனி நிர்வாகி ஒருவரின் பொறுப்பில் வைத்தார்கள். ஒரு மாநிலத்தில் மறுக்கப்பட்ட தகுதியை அடுத்த மாநிலம் கேள்வி கேட்காமல் ஏற்காது. நிறுவனத்தின் உரிமையாளர் அந்த ஆண்டிலேயே காசினோப் பிரிவின் பொறுப்புகளில் இருந்து விலகினார்.

அட்லாண்டிக் சிட்டி சொத்தை விற்பது அறங்காவலரின் கடமை. ஆனால் 2008-ல் கடன் சந்தை உறைந்துபோயிருந்தது. வாங்க முன்வந்தவர்களுக்குக் கடன் தர ஆளில்லை. கடைசியில், நிறுவனத்துக்குக் கடன் கொடுத்திருந்தவர்களில் ஒரு குழுவே, வரவேண்டிய கடனில் 20 கோடி டாலரைக் கழித்துக்கொண்டு சொத்தை எடுத்துக்கொள்ள 2009-ல் நீதிமன்றம் இசைந்தது. 2010 மார்ச்சில் உடைமை மாறியது. லாஸ் வேகாஸ் டிராபிகானா அதற்கான கடனோடு தனியே பிரிந்து வேறு கைகளுக்குப் போனது. பல்லாயிரம் அறைக் கனவு வரைபடத்தோடு நின்றது. அந்த விடுதி 2024-ல் மூடப்பட்டு, அதே ஆண்டு அக்டோபரில் தகர்க்கப்பட்டது.

எஞ்சிய டிராபிகானா என்டர்டெயின்மென்ட் புதிய உரிமையாளர்களின் கீழ் தேறியது. 2018-ல் எல்டொராடோ என்ற ரீனோ நகரத்து நிறுவனமும், காசினோ நிலங்களை வாங்கிக் குத்தகைக்கு விடும் இன்னொரு நிறுவனமும் சேர்ந்து அதை 185 கோடி டாலருக்கு வாங்கின.

எவை மாறியிருக்க வேண்டும்

ஆட்குறைப்பே கூடாது என்று இந்நிகழ்விலிருந்து யாராவது முடிவுகட்டினால் அது தவறாகும். எல்டொராடோவும் செலவைக் குறைப்பதில் பெயர் பெற்ற நிறுவனம்தான்; அதன் உரிமத்துக்கு நியூ ஜெர்சியில் இடையூறு வரவில்லை. எதை முன்னே செய்வது, எதைப் பின்னே செய்வது என்ற வரிசையில்தான் வேறுபாடு இருக்கிறது. இடைக்கால அனுமதி பெற்ற முதல் வாரத்திலேயே தணிக்கைக் குழுவை அமைத்து, கண்காணிப்பு, உள்தணிக்கை ஆகிய இரண்டு பிரிவுகளிலும் கைவைக்காமல் விட்டு, மற்றப் பிரிவுகளில் எங்கே எத்தனை பேர் தேவை என்ற ஆய்வை எழுத்தில் ஆணையத்தின் முன்வைத்து, முழு உரிமம் கிடைத்தபின் படிப்படியாகக் குறைத்திருக்கலாம். ஓராண்டு வட்டிச் சுமை கூடியிருக்கும். அதைத் தாங்க ஏலத்தில் 54 டாலருக்குக் கீழே எங்கோ நின்றிருக்க வேண்டும். அந்த விலையில் ஆஸ்டார் கிடைத்திருக்காது என்பதும் உண்மை. கிடைக்காமல் போயிருந்தால், காசினோத் தொழிலில் அந்நிறுவனம் அதற்குமுன் கட்டியிருந்த அனைத்தும் மிஞ்சியிருக்கும்.

ஒழுங்குமுறைத் தரப்பிலும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. உரிமத்தை மறுப்பது கடைசி ஆயுதம். அதைப் பயன்படுத்தும்போது நீக்கப்பட்ட ஊழியர்களுக்கு வேலை திரும்பக் கிடைப்பதில்லை, சொத்தின் மதிப்பும் சரிகிறது. தொடக்கத்திலேயே நிபந்தனைகளை எண்களாக எழுதி வாங்குவது இன்னும் பயனுள்ள வழி. 2020-ல் எல்டொராடோ சீசர்ஸ் நிறுவனத்தோடு இணைய வந்தபோது நியூ ஜெர்சி அவ்வழியில் சென்றது: அட்லாண்டிக் சிட்டி விடுதிகளைச் சீரமைக்க மூன்றாண்டுகளில் 40 கோடி டாலர் செலவிட வேண்டும் என்ற நிபந்தனையை ஏற்றுக்கொண்ட பிறகே இணைப்புக்கு ஒப்புதல் கிடைத்தது.